300 டி-ஷர்ட்டுகளும் ஒரு பாட்டுப் புத்தகமும்

கோவையில் எங்கள் வீட்டுப் பரணில் ஒன்றரை ஆண்டு காலம் அட்டைப்பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. உள்ளே எங்கள் இசைக்குழுவின் பெயர் அச்சிட்ட டி-ஷர்ட்டுகள். பரணை நிமிர்ந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிசையும். நாங்கள் ஐந்து பேர் ஆளுக்கு 20,000 ரூபாய் போட்டுச் சேர்த்த ஒரு லட்சம், நாப்தலின் உருண்டை வாசனையோடு அங்கே முடங்கிக் கிடந்தது. எங்கள் டிரம்ஸ் கலைஞன் பைக் கடன் தவணையைத் தள்ளிவைத்துவிட்டு அந்தப் பணத்தைக் கொடுத்திருந்தான். அவனைப் பேசிச் சம்மதிக்கவைத்தவன் நான். குழுவில் நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன், கணக்கு வழக்கும் என் பொறுப்பு. இந்த வேலையில் எங்களுக்கு முன்னால் இறங்கியவர் யாராவது ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் பெரும்பகுதிப் பணம் தப்பியிருக்கும். அப்படி ஒருவர் எனக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் ரூபாய்க் கணக்கு உட்பட எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பெயர் போட்ட டி-ஷர்ட், பை, கோப்பை போன்றவற்றை எங்கள் வட்டத்தில் 'மெர்ச்' என்போம். அதில் இறங்கக் காரணம் பேராசை இல்லை. ஒரு நிகழ்ச்சிக்கு 40,000 ரூபாய் பேசினால், ஒலி அமைப்பாளர், வேன், சாப்பாடு, ஒத்திகை அறை வாடகை எல்லாம் போக ஆளுக்கு 3,000 ரூபாய் நின்றால் அது நல்ல மாதம். ஐந்து பாடல்களை இணையத்தில் வெளியிட்டோம். முதல் ஆண்டு முழுவதற்கும் வந்து சேர்ந்தது 3,870 ரூபாய். நாங்கள் மெர்ச்சில் இறங்கிய பிறகும் நிலைமை மாறவில்லை: இணையத்தில் பாட்டு கேட்கும் சேவையான ஸ்பாட்டிஃபை 2024 முதல், கடந்த 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்குப் பங்கு தருவதில்லை என்று விதி கொண்டுவந்தது. எங்கள் ஐந்தில் இரண்டு பாடல்கள் அந்த வரம்புக்குக் கீழே விழுந்தன. அந்த இரண்டும் நாங்கள் அதிகம் உழைத்த பாடல்கள். கேட்பவர் இருக்கிறார்கள், பாராட்டுகிறார்கள், ஆனால் அந்த அன்பு எங்கள் கைக்கு வந்து சேர வழி இல்லை. நிகழ்ச்சி முடிந்ததும் அருகில் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு நான் என்ன செய்வது?" என்று உண்மையாகவே கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு ஒரு மேசை நிறையப் பதில் வைத்திருக்கவேண்டும் என்று நினைத்தேன். அந்த எண்ணம் சரியானதுதான் என்று இன்றும் நம்புகிறேன். தவறு அதைச் செய்த விதத்தில் இருந்தது.

திருப்பூர் எங்களுக்கு ஒரு மணி நேரப் பஸ் பயணம். நாட்டுக்கே பனியன் தைத்துக் கொடுக்கும் ஊர் பக்கத்தில் இருக்கும்போது கவலை எதற்கு என்று இருந்தேன். 2023 பிப்ரவரி 18 அன்று பாடல் வெளியீட்டு நிகழ்ச்சி. ஜனவரி மூன்றாம் வாரத்தில்தான் திருப்பூர் போனேன். காதர்பேட்டையில் நாலைந்து கடைகள் ஏறி இறங்கி, அங்கே கிடைத்த தொடர்பு ஒன்றைப் பிடித்து ஒரு பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன். 100 பீஸ் என்றால் ஒரு பீஸ் 290 ரூபாய், 300 பீஸ் என்றால் 230 ரூபாய் என்றார்கள். அறுபது ரூபாய் குறைகிறதே என்று அந்த இடத்திலேயே 300 என்று சொல்லிவிட்டேன். இதுதான் முதல் தவறு, எல்லாவற்றுக்கும் தாய் இதுதான். பீஸ் விலையை மட்டும் பார்த்தேன், மொத்தமாக முடங்கப்போகும் தொகையைப் பார்க்கவில்லை. 100 பீஸுக்கு 29,000 ரூபாய் போதும். 300 பீஸுக்கு 69,000. அந்தக் கூடுதல் 40,000 ரூபாய் எத்தனை மாதம் துணியாகவே கிடக்கும் என்ற கேள்வி என் மனதில் எழவே இல்லை. முதன்முறை செய்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது: விலை கூடுதலாக இருந்தாலும் 50 அல்லது 60 பீஸோடு நிறுத்துங்கள். அந்தக் கூடுதல் விலை, விற்காத சரக்கைத் தூக்கிச் சுமக்காமல் இருப்பதற்கு நீங்கள் கொடுக்கும் கூலி.

அதோடு 100 காபிக் கோப்பைகள் 9,500 ரூபாய், கூரியர் உறைகளும் விலைச்சீட்டுகளும் 6,500 ரூபாய், டி-ஷர்ட் அணிந்து படம் எடுக்கவும் இணையக் கடைப் பக்கம் உருவாக்கவும் 12,000 ரூபாய். ஆக 97,000 ரூபாய் ஒரு சட்டைகூட விற்காமல் மூன்று வாரத்தில் போய்விட்டது. கோப்பைகளைப் பற்றி ஒரு வரி போதும்: வேண்டாம். கனம், உடையும், பயணத்தில் பாதி கவனம் அந்தப் பெட்டியிலேயே போய்விடும். சென்னைக்குப் போன ஒரே பயணத்தில் 17 கோப்பைகள் உடைந்தன. ஓராண்டில் 23 விற்றன. மீதி திருமண வீடுகளுக்குப் பரிசாகப் போயின.

டி-ஷர்ட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் மனம் உடைந்தது. ஓவியரான ஒரு தோழி எங்கள் பாடல் தொகுப்பின் முகப்புக்கு வரைந்த படம்: பனைமரம், அதன் அடியில் பறை, பின்னால் செம்மண் நிறத்தில் வானம். நான்கு வண்ணங்கள். அதை அப்படியே கறுப்புத் துணியில் கொண்டுவர ஆசைப்பட்டேன். கறுப்பில் வண்ணம் எடுபட வேண்டுமென்றால் முதலில் அடியில் வெள்ளை அச்சிட வேண்டும், ஆகவே ஐந்து ஃப்ரேம்கள், அதாவது துணியில் மையை இறக்கும் வலைச் சட்டங்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி ஃப்ரேம், தனிச் செலவு, தனி ஆபத்து. மை தடிப்பாக ஏறியது. சாம்பிளைக் கைப்பேசியில் படமாக அனுப்பினார்கள். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது, அவ்வளவு அழகு. "அருமை, போட்டுவிடுங்கள்" என்று பதில் அனுப்பினேன். ஒரு பஸ் ஏறிப் போய் அந்தச் சாம்பிளைக் கையில் வாங்கி வந்து வீட்டில் துவைத்துப் பார்க்கவில்லை. எனக்கு நேரம் இல்லை, ஒத்திகை இருந்தது. அந்த ஒரு நாளை நான் மிச்சம் பிடித்ததற்கு ஒன்றரை ஆண்டு விலை கொடுத்தோம்.

வெளியீட்டு நிகழ்ச்சி பிரமாதமாக நடந்தது. ஏறத்தாழ 400 பேர். 699 ரூபாய் விலையில் 31 டி-ஷர்ட்டுகள் விற்றன, ஆறு கோப்பைகளும் போயின. அன்றிரவு 23,163 ரூபாய் வரவு என்று கணக்குப் புத்தகத்தில் எழுதும்போது என் கை நடுங்கியது. ஐந்து மாத நிகழ்ச்சிகளில் எனக்கு வரும் பங்கைவிட அதிகம் ஒரே இரவில். இனி நாம் பிழைத்துக்கொள்வோம் என்று ஐவரும் அவினாசி சாலையில் நின்று தேநீர் குடித்தபடி பேசிக்கொண்டோம்.

பன்னிரண்டு நாள் கழித்து முதல் படம் வந்தது. கல்லூரி மாணவி ஒருவர் அனுப்பியிருந்தார். ஒரு முறை துவைத்ததில் பனைமரம் காய்ந்த குளத்து மண்போல வெடித்து, வானம் செதில் செதிலாக உரிந்திருந்தது. அவர் கோபமாக எழுதவில்லை. "நான் ஏதாவது தவறாகத் துவைத்துவிட்டேனா?" என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வியைப் படித்தபோது வந்த கூச்சத்தை இன்றும் மறக்க முடியவில்லை. அடுத்த மூன்று நாளில் இன்னும் நான்கு பேர். பட்டறைக்கு அழைத்தால், துவைத்தால் இப்படி ஆகும் என்று முன்பே தெரியாதா என்பதுபோலப் பேசினார்கள், அதன்பிறகு அழைப்பை எடுக்கவில்லை. நான் எழுதி வாங்கியது எதுவும் இல்லை. என்ன துணி, என்ன மை, எத்தனை துவைப்புத் தாங்க வேண்டும், தாங்காவிட்டால் யார் பொறுப்பு என்று ஒரு வரிகூட இல்லை. முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டிருந்தேன். இப்போதெல்லாம் பாதி முன்பணம், மீதி சரக்கைச் சரிபார்த்த பிறகு. அதுவும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகுதான்.

குழுவுக்குள் சண்டை வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுப்பதா, சமாளிப்பதா என்பதில் இரண்டு நாள் பேச்சில்லை. கடைசியில் பாடகி சொன்னதுதான் முடிவானது: மேடையில் நின்று உண்மையைப் பாடிவிட்டுக் கீழே வந்து உரிந்துபோகும் சட்டையை விற்க முடியாது. யு.பி.ஐ. வழியாகப் பணம் கட்டிய 22 பேரை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து 15,378 ரூபாய் திருப்பி அனுப்பினோம். ரொக்கமாகக் கொடுத்த ஒன்பது பேர் யாரென்று தெரியவில்லை.

பெட்டிகளில் இன்னும் 269 டி-ஷர்ட்டுகள் இருந்தன. கிழித்துத் துடைப்புத் துணியாகக் கொடுத்துவிடலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டேன். எங்கள் தெருவில் இருப்பவரின் மாமா திருப்பூரில் முப்பது ஆண்டுக்கு மேல் அச்சுத் தொழிலில் இருந்தவர் என்று கேள்விப்பட்டு, ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு போனேன். அவர் அச்சிட்ட இடத்தை இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து இழுத்தார். வானம் பட்டென்று விரிசல் விட்டது. "தம்பி, மை வேகவில்லை" என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். இது பிளாஸ்டிசால் மை. காற்றில் உலரும் ஜாதி இல்லை, சூட்டில்தான் இறுகும். மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோலத் தெரியும், ஆனால் அடிவரை 160 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு ஏறினால்தான் துணியோடு பிடிக்கும். ஐந்து ஃப்ரேம் மை தடிப்பாக இருக்கிறது, நீங்கள் அவசரப்படுத்தியிருப்பீர்கள், அவர்கள் சட்டையைச் சூட்டுக்குள் கொண்டுபோகும் கன்வேயரை வேகமாக ஓட்டியிருப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தேதிக்கு வேண்டும் என்று தினமும் மூன்று முறை அழைத்து விரட்டியவன் நான்தான். "துவைக்காத பீஸ் எல்லாம் பிழைத்துக்கொள்ளும், கொண்டுவா" என்றார். தெரிந்த இடத்தில் 269 பீஸையும் மீண்டும் ஒருமுறை சூட்டில் ஓட்டித் தந்தார்கள். பீஸுக்கு ஐந்து ரூபாய், மொத்தம் 1,345. மூன்று சட்டைகளை உட்புறம் வெளியே வருமாறு திருப்பிப் போட்டும் போடாமலும் ஐந்து முறை துவைத்தேன். ஒரு செதில்கூட உரியவில்லை. அன்று மாலை துணி காயப்போடும் கயிற்றின் கீழேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அவரிடம் கற்ற இன்னும் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவற்றைத் தெரிந்துகொண்டு பேசினால் பட்டறைக்காரர்கள் உங்களை வேறு மாதிரி நடத்துவார்கள். துணியின் கனத்தை ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற அளவில் கேளுங்கள். 180 ஜிஎஸ்எம் நம் வெயிலுக்கும் பொருத்தம், அச்சும் நன்றாக நிற்கும். 140க்குப் போனால் கை தொட்டதுமே மலிவு தெரிந்துவிடும், 220 ஜிஎஸ்எம் சித்திரை மாதத்தில் உடலில் தங்காது. மேலே நிற்கும் பஞ்சை நொதியால் நீக்கும் பயோ வாஷ் செய்த துணியா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் நாலு துவைப்பில் பஞ்சு எழும். துணியை முன்கூட்டியே சுருக்கிவைக்கும் கம்பாக்டிங் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் நீளம் சுருங்கி எல் அளவுச் சட்டை எம் அளவாகிவிடும். அச்சை இழுத்துப் பார்ப்பது அந்த இடத்திலேயே செய்யக்கூடிய சோதனை, அதற்கு நீங்கள் தயங்க வேண்டாம். வடிவத்தை ஒரு வண்ணம், அதிகம் போனால் இரண்டு வண்ணத்தில் அடக்குங்கள். அயர்ன் மெய்டன் என்ற பிரிட்டன் ராக் குழுவின் 'எட்டி' என்ற அடையாள உருவம்போலப் பல வண்ணத்தில் சட்டை முழுக்கப் படம் போட எல்லோருக்கும் ஆசை வரும். அதற்குப் பின்னால் நாற்பது ஆண்டுக்கு மேலான ரசிகர் கூட்டமும் அனுபவமுள்ள அச்சகங்களும் இருக்கின்றன. கறுப்பில் வெள்ளையால் ஒரு கோட்டோவியம், நம் தமிழ் எழுத்து ஒன்று, இவை போதும். எங்களுடையதில் இதுவரை வேகமாக விற்றது 'ழ' மட்டும் பெரிதாக எழுதிய சட்டைதான்.

சட்டைகள் பிழைத்தன, ஆனால் அளவு கொன்றது. எஸ், எம், எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்று ஐந்து அளவிலும் சமமாக 60 வீதம் வாங்கியிருந்தேன். எல்லோருக்கும் இருக்கட்டும் என்ற நல்லெண்ணம். முதல் இரவு விற்ற 31-இல் எம் 11, எல் 13. எஸ் இரண்டு, டபுள் எக்ஸ்எல் ஒன்றே ஒன்று. அந்தக் காகிதத்தை அன்றே பார்த்திருந்தால் வரப்போவது தெரிந்திருக்கும். ஆண்டு முடிவில் எம், எல் தீர்ந்துவிட்டன. கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த அதே நேரத்தில் பரணில் எஸ் 49, டபுள் எக்ஸ்எல் 44 தூங்கின. திருப்பூரில் சாதாரணமாக எஸ், எம், எல், எக்ஸ்எல் ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று என்ற விகிதத்தில் பிரிப்பார்கள். அதையே பின்பற்றுங்கள். எஸ் அளவு சட்டைகளைக் கடைசியில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு என்று எழுதிவைத்து 200 ரூபாய்க்குக் கொடுத்தோம், போய்விட்டன. டபுள் எக்ஸ்எல் இன்னும் சில இருக்கின்றன.

ஓவியத் தோழியின் விஷயத்தில் முழுத் தவறும் எங்களுடையது, மறைக்க விரும்பவில்லை. முகப்புப் படத்துக்கு 5,000 ரூபாய் கொடுத்தோம், அதோடு அந்தப் படம் எங்களுடையது என்று நினைத்துக்கொண்டோம். அவரைக் கேட்காமல் சட்டையிலும் கோப்பையிலும் போட்டோம். அவர் நிகழ்ச்சிக்கு வந்து, தன் பனைமரம் அந்நியர்களின் மார்பில் இருப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். ஒரு மாதம் கழித்துத்தான் கேட்டார், அதுவும் மிகத் தயக்கத்தோடு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், கையொப்பம் வேண்டும். எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த எல்லைக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். எங்களிடம் ஒரு காகிதமும் இல்லை. சட்டம் கிடக்கட்டும், அவர் எங்களுடைய தோழி. உட்கார்ந்து பேசி, விற்கும் ஒவ்வொரு சட்டைக்கும் 30 ரூபாய் அவருக்கு என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம், முன்பு விற்றவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்தோம். இன்று எங்கள் புதிய வடிவங்கள் எல்லாம் அவர் கை வண்ணம்தான். நண்பர்தானே என்று வாய்ப்பேச்சில் விடாதீர்கள். நண்பர் என்பதற்காகவே எழுதிக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் ஓர் அரங்கில் வேறு பாடம். 14,200 ரூபாய்க்கு விற்றுவிட்டு மேசையை மடிக்கும்போது மேலாளர் வந்து 20 விழுக்காடு தங்கள் பங்கு என்றார். 2,840 ரூபாய். வெளிநாடுகளில் இது பழைய வழக்கம், அங்கும் கலைஞர்கள் நெடுநாளாக எதிர்த்துவருகிறார்கள். 2023 செப்டம்பரில் இசை நிகழ்ச்சிகள் நடத்தும் அமெரிக்க நிறுவனமான லைவ் நேஷன் தன் சிறிய அரங்குகளில் இந்தப் பங்கை எடுப்பதில்லை என்று அறிவிக்கும் அளவுக்குப் பேச்சு வளர்ந்தது. ஆனால் எங்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதுதான் வலித்தது. இப்போது நிகழ்ச்சி ஒப்பந்த மின்னஞ்சலிலேயே, மேசை எங்கே போடுவோம், விற்பனையில் பங்கு கேட்பீர்களா என்று இரண்டு வரி எழுதிக் கேட்டுவிடுகிறேன்.

அதே பயணம்தான் ஜிஎஸ்டி பற்றியும் யோசிக்கவைத்தது. தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை, ஆனால் வேறு மாநிலத்துக்கு விற்றால் அந்த விலக்கு பொருந்தாது என்று ஆடிட்டர் சொன்னபோது கொச்சிக்கும் பெங்களூருக்கும் ஆறு மாதமாகப் பார்சல் அனுப்பியிருந்தோம். பதிவு செய்து, கட்ட வேண்டியதைக் கட்டி, ஆடிட்டர் கட்டணத்தோடு சேர்த்து 9,000 ரூபாய்க்கு மேல் ஆனது. இப்போது 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 விழுக்காடு வரி, பெரிய சுமை இல்லை. தொடங்கும் முன்பே ஒருமுறை ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். பார்சல் விஷயத்திலும் ஒன்று: கூரியர்காரர்கள் பெரும்பாலும் அரைக் கிலோ வரை ஒரே கட்டணம் வாங்குகிறார்கள். ஒரு சட்டை ஏறத்தாழ 200 கிராம். ஆகவே இரண்டு சட்டையும் ஒன்றின் கட்டணத்திலேயே போகும். இரண்டாவதை வாங்கினால் அனுப்பும் செலவு எங்களுடையது என்று அறிவித்த பிறகு இரட்டை ஆர்டர்கள் நன்றாகக் கூடின.

மேசையைப் பற்றி நான் மணிக்கணக்கில் பேசுவேன். முதலில் மேடைக்குப் பக்கத்தில் போட்டோம், யாரும் வரவில்லை. வெளியே போகும் வாசலுக்குப் பக்கத்தில் போடுங்கள், ஆனால் வழியை மறிக்காமல். விளக்கு உங்களுடையதாக இருக்கட்டும், அரங்க வராந்தாக்கள் பெரும்பாலும் இருட்டு. சட்டையை மடித்து அடுக்காதீர்கள், கண் உயரத்தில் தொங்கவிடுங்கள். விலையை மூன்று அடி தூரத்தில் படிக்கும்படி எழுதுங்கள், விலை கேட்கக் கூச்சப்பட்டே நகர்ந்துபோகிறவர்கள் நிறைய. 699 என்ற விலையை 600 ஆக்கினோம். ஒரு ரூபாய்ச் சில்லறை தேடி வரிசை நின்ற நாட்கள் போதும். தரைக்குக் கீழே இருக்கும் அரங்குகளில் இணையம் கிடைக்காது, கியூ.ஆர். அட்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள், 100 ரூபாய்த் தாள்களாக 2,000 ரூபாய் சில்லறை வைத்திருங்கள். மேசையில் குழுவைச் சேராத ஒருவர் நிகழ்ச்சி முழுக்க உட்கார வேண்டும், அவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். நாங்கள் 800 ரூபாயும் சாப்பாடும் கொடுக்கிறோம். மேடையிலிருந்து சொல்லும் நேரமும் முக்கியம். கடைசிப் பாட்டு முடிந்தபின் சொன்னால் கூட்டம் வண்டியை எடுக்கப் போய்விடும். கடைசிப் பாட்டுக்கு முந்தைய இடைவெளியில் சொல்லுங்கள், பாட்டு முடிந்ததும் எல்லோரும் மேசைக்கு வருவோம் என்று சொல்லுங்கள், சொன்னபடி வியர்வையோடு வந்து நில்லுங்கள். ஐவரும் வந்து நின்ற இரவுகளில் விற்பனை ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இவ்வளவு கற்றும், எங்களைத் தூக்கிவிட்டது டி-ஷர்ட் இல்லை. 2024 தொடக்கத்தில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கோயில் திடலில் வாசித்தோம். பேரனின் கையைப் பிடித்தபடி ஒரு பாட்டி மேசைக்கு வந்தார். சட்டையைத் தடவிப் பார்த்தார், கோப்பையை எடுத்து வைத்தார். பிறகு, "பாட்டு எழுதின புத்தகம் இல்லையா, சாமி?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அந்த ஆற்றுப் பாட்டை நான் வீட்டில் பாடிப் பார்க்க வேண்டுமே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேனில் திரும்பும்போது யாரும் பேசவில்லை. நம்மிடம் இருந்த ஒன்றை நாமே மறந்திருக்கிறோம் என்று எனக்குப் பட்டது. சினிமாக் கொட்டகை வாசலில் கதைச் சுருக்கமும் பாடல்களும் அச்சிட்ட சிறு புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிப் பத்திரப்படுத்திய தலைமுறை அது. அதற்கும் முன்னால் சென்னையின் பழைய சந்தையான குஜிலிக் கடைகளில் வெள்ளம், கொலை, ரயில் விபத்து என்று சுடச்சுடச் சிந்து கட்டி, மலிவுத் தாளில் அச்சிட்டு, சந்தையில் பாடியபடியே விற்றார்கள். பாடுவதும் பாட்டை விற்பதும் ஒரே மூச்சில் நடந்த ஊர் இது. நாங்களோ கறுப்புச் சட்டைதான் இசைக்குழுவின் அடையாளம் என்று எங்கிருந்தோ எடுத்துக்கொண்டிருந்தோம்.

உள்ளங்கை அளவில் 32 பக்கம். எங்கள் பாடல் வரிகள், கிட்டார் வாசிப்பவர்களுக்கு ஸ்வரக் குறிப்பு, ஒவ்வொரு பாட்டும் பிறந்த கதை நாலு வரி, தோழியின் கோட்டோவியங்கள், பின் அட்டையில் பாடல்களைக் கேட்க ஒரு கியூ.ஆர். குறி. ஒரே வண்ணம், நடுவில் இரண்டு பின். 500 படிகளுக்கு 8,000 ரூபாய், படிக்கு 16 ரூபாய். விலை 60. ஆறு நிகழ்ச்சிகளில் 500-உம் தீர்ந்தன, செலவு போக 22,000 ரூபாய் நின்றது. அளவுப் பிரச்சினை இல்லை, உடையாது, உரியாது, 100 படிகள் ஒரு தோள்பையில் அடங்கும், அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. அறுநூறு ரூபாய் கொடுக்க முடியாத மாணவரும் அறுபது ரூபாய் கொடுத்துவிட்டு நிமிர்ந்து போகிறார். அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நடந்தது. புத்தகம் வந்த பிறகு முன்வரிசையில் இருப்பவர்கள் சரணத்தையும் சேர்ந்து பாடுகிறார்கள். பல்லவிக்கு மட்டும் கிடைத்துவந்த குரல் இப்போது முழுப் பாட்டுக்கும் கிடைக்கிறது. மேடையில் நிற்பவனுக்கு அது என்ன என்று சொல்லி விளங்கவைக்க முடியாது.

டி-ஷர்ட்டை விட்டுவிடவில்லை, வரிசையை மாற்றினோம். முதலில் வடிவத்தை வெளியிட்டுப் பத்து நாள் முன்பதிவு, முழுப் பணத்தோடு, அளவோடு. 50 பேர் பதிந்தார்கள். மேசைக்கு 18 சேர்த்து மொத்தம் 68 பீஸ். ஒன்றின் அடக்கம் 290 ரூபாய், தோழிக்கு 30, விற்ற விலை 600. ஒன்றுக்கு 280 வீதம் 19,040 ரூபாய் நின்றது. எங்கள் கைப்பணம் ஒரு ரூபாய்கூட முடங்கவில்லை. சாம்பிளை நேரில் போய் வாங்கிவந்து மூன்று முறை துவைத்த பிறகுதான் சரி என்றேன். அனுப்பும் தேதியை மூன்று வாரம் தள்ளியே சொன்னோம், யாரும் குறைப்படவில்லை. பைக் தவணையைத் தள்ளிவைத்தவனுக்கு அவன் 20,000 ரூபாயை முதல் ஆளாகத் திருப்பிக் கொடுத்த நாள் 2024 நவம்பரில் வந்தது. மற்ற மூவருக்கும் 2025 பொங்கலுக்குள் கொடுத்துவிட்டேன்.

ரொக்கம் கொடுத்து வாங்கிய அந்த ஒன்பது பேருக்காகப் புதிய அச்சில் ஒன்பது சட்டைகளை எடுத்துத் தனிப் பெட்டியில் வைத்திருக்கிறோம். எங்கே வாசிக்கப் போனாலும் அந்தப் பெட்டி மேசைக்கு அடியில் வருகிறது. இதுவரை இரண்டு பேர் வந்து வாங்கிக்கொண்டார்கள். 2023 பிப்ரவரியில் கோவை நிகழ்ச்சியில் பனைமரம் போட்ட கறுப்புச் சட்டை வாங்கி, அது உரிந்துபோனவர் நீங்கள் என்றால், ரசீது எதுவும் வேண்டாம், மேசைக்கு வந்து சொல்லுங்கள். எம் அளவில் நான்கும் எல் அளவில் மூன்றும் காத்திருக்கின்றன.